வாக்குமூலத்திற்கு ஒரு சாட்சி வேண்டும்

கண்டி மாநகரில் தலதா மாளிகையை அடுத்து மகுல் மடுவ என்னும் பழைய அரச மண்டபம் இன்றும் நிற்கிறது. 1815ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆம் திகதி கண்டி உடன்படிக்கை நிறைவேறியது அந்த மண்டபத்திலேதான். கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன வரலாற்றை நாம் எல்லோரும் பள்ளியிற் படித்திருக்கிறோம். ஆனால் அவ்வுடன்படிக்கையின் ஆறாவது வாசகத்தைப் படித்தோர் சிலரே. உடலை வருத்தும் எல்லாவகைச் சித்திரவதைகளும், அங்கங்களைச் சிதைக்கும் தண்டனைகளும் ஒழிக்கப்பட்டன என்று அந்த வாசகம் கூறிற்று. வெள்ளைக்காரன் தன் ஆட்சிக்கு நற்பெயர் தேடிக்கொள்ளவே அதனை எழுதினான் என்று சொல்வார் சொல்லட்டும். எழுதப்பட்டது எழுதப்பட்டதே.

அதன் பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் உருண்டோடிவிட்டன. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு தன் 11ஆவது உறுப்புரையிற் சித்திரவதையை மீண்டும் தடை செய்தது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம், சித்திரவதை செய்தவருக்கு ஏழு ஆண்டுக்குக் குறையாததும் பத்து ஆண்டுக்கு மேற்படாததுமான சிறைத்தண்டனையை விதித்தது. இத்தனை தடைகளும் ஏட்டில் இருக்க, 2016ஆம் ஆண்டில் இந்நாட்டுக்கு வந்து ஆராய்ந்த ஐக்கிய நாடுகள் சபையின் விசேட அறிக்கையாளர் ஹுவான் மெண்டெஸ், குற்ற விசாரணைகளிற் சித்திரவதை இன்னும் வழக்கமான நடைமுறையாகவே இருக்கிறது என்று முடிவு கூறினார்.

சட்டம் இல்லாத காரணத்தாலா இது நடக்கிறது? அன்று. சாட்சி இல்லாத காரணத்தால் நடக்கிறது. விசாரணை அறையின் கதவு மூடப்பட்ட பின் உள்ளே இருப்பவர் இரு தரப்பினரே: கேட்பவர் ஒரு தரப்பு, கேட்கப்படுபவர் மறு தரப்பு. பின்னர் நீதிமன்றத்தில் "அடித்தார்கள்" என்கிறார் ஒருவர். "தொடவே இல்லை" என்கிறார் மற்றவர். நீதிபதி அங்கிருந்து பார்த்தவரல்லர். இந்த இருவருக்கும் இடையில் பொய் சொல்லத் தெரியாத மூன்றாவது சாட்சி ஒன்றை அந்த அறையிலே அமர்த்த இன்றைய விஞ்ஞானத்தால் முடியும். அதுவே விசாரணையை முதலிலிருந்து முடிவுவரை ஒலியாகவும் ஒளியாகவும் பதிந்து வைக்கும் முறை. அதைச் சட்டக் கடமையாக்க வேண்டும் என்று கேட்டால், உடனே வரும் மறுமொழி ஒன்று உண்டு: "அதற்கெல்லாம் பணம் எங்கே?"

இந்த மறுமொழியை நாம் எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. 2022ஆம் ஆண்டில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாமல் கைவிரித்த நாடு இது. உரத்துக்கும் மருந்துக்கும் எரிபொருளுக்கும் மக்கள் வரிசையில் நின்ற நாட்களை மலைநாட்டு மரக்கறித் தோட்டக்காரர் எவரும் மறந்திருக்கமாட்டார். ஆகவே கணக்கைப் போட்டுத்தான் பார்ப்போம்.

இலங்கை முழுவதிலும் ஏறக்குறைய அறுநூறு பொலிஸ் நிலையங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் சத்தம் புகாத ஓர் அறை வேண்டும். கமராவும் ஒலிவாங்கியும் வேண்டும். மின்சாரம் நின்றுபோனால் தாங்குவதற்கு மின்கலம் வேண்டும். பதிந்ததைச் சேமிக்கும் வன்தட்டு வேண்டும். நடுத்தரத் தெளிவுள்ள பதிவு ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிகாபைட் இடத்தைப் பிடிக்கும். நாள்தோறும் மூன்று மணி நேரம் விசாரணை நடந்தாலும், ஓராண்டுக்கு ஏறத்தாழ ஆயிரத்து நூறு மணி நேரமே ஆகும். ஒரு டெராபைட் வன்தட்டு ஒன்று அதிற் பெரும்பகுதியைத் தாங்கும்; இரண்டு இருந்தால் ஆண்டு முழுவதும் கவலையில்லை. இன்று கடையில் விற்கும் நடுத்தரக் கைத்தொலைபேசி ஒன்றின் விலைக்குள் அடங்கும் பொருள் அது.

கருவிகளின் செலவு இவ்வளவே. உண்மையான செலவு ஆட்களுக்கும் நேரத்துக்கும் ஆவது. பதிவைக் காப்பவர் வேண்டும். எதிரியின் சட்டத்தரணிக்குப் படி எடுத்துக் கொடுப்பவர் வேண்டும். தகராறு வரும்போது பதிவைக் கேட்டு எழுத்தில் வடிப்பவர் வேண்டும். தமிழும் சிங்களமும் நன்கு அறிந்த மொழிபெயர்ப்பாளர் வேண்டும். எழுத்தில் வடிப்பதே இவற்றுள் மிகப் பெரிய செலவு. எல்லாப் பதிவையும் வடிக்கவேண்டியதில்லை. நீதிமன்றத்திற் பிணக்கு எழுந்த பதிவை மட்டும் வடித்தாற் போதும். ஒரேயடியாக எல்லாக் குற்றங்களுக்கும் இந்த முறையைக் கொண்டுவரவேண்டியதும் இல்லை. மேல் நீதிமன்றத்துக்குப் போகும் பாரதூரமான குற்றங்களிலிருந்து தொடங்கலாம். ஜப்பான் அப்படித்தான் செய்தது. 2016இற் சட்டம் இயற்றி, 2019ஆம் ஆண்டு ஜூன் முதல், பொதுமக்களும் தீர்ப்பில் அமரும் பெருங்குற்ற வழக்குகளையும் அரசாங்க வழக்குத்தொடுநர் தாமே நேராக விசாரிக்கும் வழக்குகளையும் மட்டும் முழுப் பதிவுக்கு உட்படுத்திற்று. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் 1985ஆம் ஆண்டிலேயே நீதிமன்றத் தீர்ப்பால் இது கட்டாயமாயிற்று. இங்கிலாந்தில் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து ஒலிநாடாப் பதிவு பரவியது. அங்கும் பொலிசார் முதலில் முணுமுணுத்தனர். வீண் பழியிலிருந்து தம்மையும் அதே நாடா காப்பாற்றுகிறது என்று கண்ட பின் அவர்களே அதை விரும்பினர்.

இது செலவின் ஒரு பக்கம். மறுபக்கத்தை எவரும் கூட்டிப் பார்ப்பதில்லை. பதிவு செய்யாமல் விடுவதற்கும் ஒரு செலவு உண்டு. அது வரவுசெலவுத் திட்டத்தில் எழுதப்படுவதில்லை. ஆனால் செலுத்தப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

2002ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வத்தளைப் பொலிசார் கொலை வழக்கு ஒன்றின் பேரில், ஆள் மாறி, ஒரு சமையற் தொழிலாளியைப் பிடித்து வதைத்தனர். அவரது சிறுநீரகங்கள் செயலிழந்தன. 2003இல் உயர் நீதிமன்றம் எட்டு இலட்சம் ரூபா நட்டஈடும், அதற்கு மேலாக மருத்துவச் செலவும் கொடுக்குமாறு தீர்ப்பளித்தது. சித்திரவதை வழக்கிற் சாட்சி சொல்ல அவர் மேல் நீதிமன்றம் செல்லுமுன், 2004 நவம்பரிற் சுட்டுக் கொல்லப்பட்டார். நட்டஈட்டில் அரசின் பங்கைக் கொடுத்தவர் வரி செலுத்தும் நாம். அந்தக் குடும்பம் கொடுத்த விலையைக் கணக்கில் எழுத எண்கள் இல்லை.

2015 செப்ரெம்பரில் கொட்டதெனியாவையில் ஒரு சிறுமி கொல்லப்பட்ட கொடுமையை நாடே அறியும். முதலிற் பாடசாலை மாணவன் ஒருவனும் இன்னொருவரும் பிடிக்கப்பட்டனர். தம்மை அடித்து ஒப்புக்கொள்ளச் சொன்னதாக அவர்கள் முறையிட்டனர். மரபணுப் பரிசோதனை அவர்களை விடுவித்தது. பின்னர் வேறொருவர் பிடிபட்டார். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று செய்தி பரவியது. அவருடைய மரபணுவும் பொருந்தவில்லை. இறுதியில் அவருடைய சகோதரரின் மரபணுவே பொருந்திற்று. 2016இல் நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டது. மரபணு என்னும் சாட்சி இல்லாத வழக்காயின் என்ன நடந்திருக்கும்? செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவர் சிறையில் இருக்க, குற்றவாளி ஊரிலே திரிந்திருப்பார். வதைத்துப் பெறும் வாக்குமூலம் குற்றமற்றவரைத் தண்டிப்பதோடு நிற்பதில்லை. குற்றவாளியைக் காப்பாற்றவும் செய்கிறது.

பிழையான வழியிற் பதிவதாலும் பயனில்லை என்பதற்கு நியூயோர்க் நகரம் சான்று. 1989இல் அங்கே ஐந்து இளைஞர்கள் பிடிக்கப்பட்டனர். பல மணி நேர விசாரணை பதியப்படவில்லை. முடிவில் அவர்களுள் நால்வர் ஒப்புக்கொள்ளும் காட்சி மட்டும் பதியப்பட்டது. அதைக் கண்ட யூரர்கள் நம்பினர். உண்மைக் குற்றவாளி வேறொருவர் என்பது 2002இல் வெளியாகி, ஐவர்மீதான தீர்ப்பும் நீக்கப்பட்டது. 2014இல் நகர நிர்வாகம் அவர்களுக்கு நாலு கோடியே பத்து இலட்சம் டொலர் கொடுத்துக் கணக்கை முடித்தது. அந்தப் பல மணி நேரத்தையும் பதிந்திருந்தால் எத்தனை ஒலிநாடாக்கள் செலவாகியிருக்கும்?

இனி நம் வீட்டு முற்றத்துக்கு வருவோம். தமிழ் பேசும் மக்களுக்கு இந்த விடயத்தில் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு துன்பம் உண்டு. அது மொழி.

கண்டியைச் சுற்றியுள்ள கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, நாவலப்பிட்டித் தோட்டங்களில் ஏதேனும் ஒன்றிலிருந்து, ஒரு களவு பற்றிய சந்தேகத்தின் பேரில் ஒரு தொழிலாளி பொலிஸ் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பேசுவது தமிழ். எழுதப்படுவது பெரும்பாலும் சிங்களம். தமிழ் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர் எல்லா நிலையங்களிலும் இல்லை. அதிகாரி ஒருவர் உரத்துக் கேட்கும்போது, "சரிங்க ஐயா" என்று பணிவுக்காகச் சொல்லிப் பழகியவர் நம் தொழிலாளி. கேட்டது விளங்கிற்று என்பதே அதன் பொருளாக இருக்கலாம். ஏட்டில் அது "ஆம், நானே செய்தேன்" என்று ஏறிவிட்டால், நாளை நீதிமன்றத்தில் எந்தச் சொல் எந்தச் சொல்லாயிற்று என்று எவரால் நிரூபிக்க முடியும்? பேசியது காற்றிற் கரைந்துவிட்டது. எழுதியது மட்டும் நிற்கிறது.

1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவு இந்த ஆபத்தை எண்ணிப் பார்த்தே எழுதப்பட்டது. வாக்குமூலம் முழுமையாக எழுதப்படவேண்டும். எழுதிய மொழி விளங்காதவருக்கு விளங்கும் மொழியில் அதை எடுத்துச் சொல்லவேண்டும். திருத்தவும் கூட்டவும் அவருக்கு இடமளிக்கவேண்டும் என்கிறது அது. நல்ல விதி. ஆனால் எடுத்துச் சொன்னாரா, சரியாகச் சொன்னாரா என்பதற்குச் சாட்சி, எழுதிய அதே கைதான்.

இது கற்பனை அச்சமன்று. 1993இல் மட்டக்களப்புப் பகுதியிற் பிடிக்கப்பட்ட நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கு உலகறிந்தது. அவருடைய வாக்குமூலம் பதியப்பட்டபோது அங்கிருந்தவர்கள் விசாரித்த இரு பொலிஸ் அதிகாரிகள் மட்டுமே. தட்டச்சுச் செய்தவரும் தமிழுக்கும் சிங்களத்துக்கும் இடையே மொழிபெயர்த்தவரும் அவ்விருவருள் ஒருவரான கான்ஸ்டபிளே! தனக்கு விளங்காத மொழியில் எழுதிய தாளில் தன் பெருவிரலைப் பலவந்தமாகப் பதிய வைத்தனர் என்று அவர் முறையிட்டார். அந்த வாக்குமூலம் ஒன்றையே ஆதாரமாகக் கொண்டு 1995இல் அவருக்கு ஐம்பது ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது முப்பத்தைந்து ஆண்டாகக் குறைக்கப்பட்டது. 2004இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு, அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று கண்டது. வாக்குமூலம் வற்புறுத்திப் பெறப்பட்டது என்பதை நிரூபிக்கும் சுமையை அவர் தலையிலே ஏற்றியது தவறு என்றும் அக்குழு கூறிற்று.

அந்தச் சுமை எங்கிருந்து வந்தது? சாதாரண வழக்குகளில், 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்க இடமளிப்பதில்லை. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் இந்தக் காவலை உடைத்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் பதவிக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்த ஒப்புதல் செல்லும் என்றும், அது செல்லாது என்பதை எதிரியே காட்டவேண்டும் என்றும் அதன் 16ஆம் பிரிவு வைத்தது. 2022இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோதும் இந்த ஏற்பாடு நீக்கப்படவில்லை. மூடிய அறையில் நடந்ததை, உள்ளே அகப்பட்டிருந்தவரே நிரூபிக்கவேண்டுமாம்! எந்தச் சாட்சியைக் கொண்டு?

"பொலிசாரிடம் கொடுக்கும் ஒப்புதல் சாதாரண வழக்கிற் செல்லாதே, பிறகு பதிவு எதற்கு?" என்று சட்டம் அறிந்தவர் கேட்கலாம். ஒப்புதல் செல்லாவிட்டாலும், அதன் மூலம் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால் அந்தப் பகுதி 27ஆம் பிரிவின்படி செல்லும். ஒரு கத்தியையோ நகையையோ "அவர் காட்டிய இடத்தில் எடுத்தோம்" என்ற ஒரு வரியே பல வழக்குகளின் உயிர்நாடி. அந்த வரி எப்படிப் பிறந்தது என்பதைப் பதிவு காட்டும். ஆயினும் பதிவு வந்துவிட்டது என்பதைச் சாட்டாக வைத்து 25ஆம் பிரிவைத் தளர்த்த எவரும் முனைவாராயின், அதை நாம் எதிர்க்கவேண்டும். பதிவு பழைய காவலுக்கு மேலாக வரவேண்டியது. அதற்குப் பதிலாக அன்று.

கருவி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நாம் மயங்கக் கூடாது. கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டைப் பாருங்கள். 2020 ஜூனிற் சாத்தான்குளம் பொலிஸ் நிலையத்தில் தந்தையும் மகனும் வதைக்கப்பட்டு உயிரிழந்தனர். அந்நிலையத்திற் கமராக்கள் இருந்தன. ஒரு டெராபைட் வன்தட்டும் இருந்தது. ஆனால் பதிவுகள் நாள்தோறும் தாமாகவே அழிந்துபோகும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கச் சென்ற நீதவான் கண்டார். அங்கே பணம் குறையவில்லை, மனம் குறைந்தது. அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் திகதி, நாட்டின் எல்லாப் பொலிஸ் நிலையங்களிலும் ஒலியோடு கூடிய கமரா வேண்டும், பதிவுகளை நீண்ட காலம் காக்கவேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. அதன் பின்னரும், 2025 ஜூனிற் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் ஒரு கோவிற் காவலாளி பொலிசார் அடித்ததால் இறந்தார். நிலையத்துக்கு வெளியே நடந்த அந்த அடியை உலகுக்குக் காட்டியது அரசாங்கக் கமரா அன்று. மறைந்திருந்து ஒருவர் கைத்தொலைபேசியில் எடுத்த படம்.

இதனாற் பெறப்படுவது என்ன? கமராவை வாங்குவது பாதி வேலை. பதிவு இல்லாவிட்டால் யாருக்கு நட்டம் என்பதைச் சட்டத்தில் எழுதுவது மறுபாதி. பதிவு இல்லாத வாக்குமூலத்தால் வழக்குத் தொடுத்தவருக்கு நட்டம் என்று எழுதிவிட்டால், கமரா பழுதாகாது, மின்சாரம் நிற்காது, வன்தட்டு அழியாது!

ஆகவே நாம் கேட்பவை நான்கு. ஒன்று: பாரதூரமான குற்றங்களிலும், பயங்கரவாதம் பற்றிய எந்தச் சட்டத்தின் கீழும், சந்தேகநபர் நிலையத்துக்குள் கால் வைத்த நேரம் முதல் விசாரணை முடியும்வரை முழுவதும் பதியப்படவேண்டும். இரண்டு: அவர் பேசிய மொழியிலேயே பதிவு இருக்கவேண்டும், எழுத்துக்கும் பதிவுக்கும் முரண் வந்தாற் பதிவே மேலோங்கவேண்டும். மூன்று: பதிவின் ஒரு படி அன்றே நீதவானின் காவலுக்குப் போகவேண்டும், எதிரியின் சட்டத்தரணி கேட்டாற் கிடைக்கவேண்டும். நான்கு: பதிவு இல்லாத இடத்து, அவ்வாக்குமூலமும் அதன் வழி கண்டெடுத்தவை பற்றிய கூற்றும் சாட்சியமாகக் கூடா. நாடு முழுவதற்கும் ஒரே நாளிற் பணம் இல்லையென்றாற் கண்டி மாவட்டத்தில் தொடங்கட்டும். இரு மொழிகளும் நாள்தோறும் மோதும் மாவட்டம் இது. இங்கே முறை சரியானால் எங்கும் சரியாகும்.

தோட்டத்துப் பிள்ளைகளும், சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருப்போரும் ஒன்றை நன்கு அறிவர். கொழுந்து நிறுக்கும் இடத்திலே தராசு வேண்டும். "தராசு விலை கூடியது, கணக்கப்பிள்ளையின் கண்மதிப்பை நம்புங்கள்" என்று ஒருவர் சொன்னால் நம் தாய்மார் கூடையை இறக்குவார்களா? ஒரு கிலோ கொழுந்துக்கே தராசு கேட்கும் நாம், ஒரு மனிதனின் இருபது ஆண்டு வாழ்வை நிறுக்கும் இடத்தில் கண்மதிப்பை ஏற்றுக்கொண்டு வாளாவிருப்பது முறையோ?

கண்டியிலுள்ள சட்டத்தரணிகள் இதைத் தம் சங்கத்திற் பேசட்டும். சட்ட வைத்திய அதிகாரிகள் தாம் நாள்தோறும் காணும் காயங்களைக் கொண்டு பேசட்டும். வாக்குக் கேட்டு வரும் பாராளுமன்ற உறுப்பினரை விவசாயப் பெருமக்கள் நிறுத்தி வைத்து, அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கு எவ்வளவு ஒதுக்குவீர் என்று கேட்கட்டும். பணம் இல்லை என்று அவர் சொன்னால், பதியாமல் விட்டதற்கு இதுவரை யார் பணம் கொடுத்தார்கள் என்று திருப்பிக் கேட்கட்டும்.